கீறலுக்கு எழுபத்தஞ்சாயிரம்

போன வாரம் ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணம். சாயங்கால ரிசப்ஷன் மேடையில் நிற்கிறேன். பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, முகத்தில் தாய்மாமன் களை. எதிரே நானூறு பேர். போட்டோகிராபர், "சார், சீர் பெட்டியைத் திறந்து காட்டுங்க சார்" என்றார். திறந்தேன்.

உள்ளே ஒரு எலெக்ட்ரிக் கிடார். கிளிப்பச்சை கலர். வயிற்றில் இரண்டு தாமரைப் பூ. சுற்றிலும் மஞ்சளும் சிவப்புமாக பார்டர். பெட்டியிலிருந்து குப்பென்று தின்னர் வாசனை.

நான் வாங்கியது கிளிப்பச்சை இல்லையே! அதில் தாமரை ஏது? ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம் ரூபாய் கொடுத்து நான் வாங்கிய கிடார் எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. அந்தப் பச்சைக்கு அடியில்தான் இருந்தது. என்ன ஆச்சு என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். வயிற்றெரிச்சலை யாரிடமாவது கொட்ட வேண்டாமா?

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்கு பெரம்பலூரில் உரக்கடை. யூரியா, பொட்டாஷ், மக்காச்சோள விதை, வெங்காயத்துக்கு மருந்து — இதுதான் என் உலகம். சங்கீதத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே தொடர்பு கடையில் பாடுகிற ரேடியோ. அதையும் பக்கத்து டீக்கடைக்காரர்தான் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுவார்.

எனக்கு ஒரே தங்கச்சி. பெயர் தமிழ்ச்செல்வி. ஜெயங்கொண்டத்தில் கட்டிக் கொடுத்தது. அவள் வீட்டுக்காரர் குணசேகரன் — எனக்கு மாப்ளை. அரியலூர் பக்கம் சிமெண்ட் ஏற்றுகிற லாரி இரண்டு வைத்திருக்கிறார். தங்கமான மனுஷன். அதிர்ந்து பேச மாட்டார்.

மூன்று வருஷமாக என் தங்கச்சி என்னோடு பேசவில்லை.

காரணம்? சொன்னால் சிரிப்பீர்கள். நான் புது வீடு கட்டினேன். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்தேன். வரவேற்போர் வரிசையில் மாப்ளை பெயரைப் போட மறந்துவிட்டேன்! பங்காளி பெயர் இருக்கிறது, சம்பந்தி பெயர் இருக்கிறது, மேஸ்திரிக்குக்கூட ஒரு நன்றி இருக்கிறது. தங்கச்சி வீட்டுக்காரர் பெயர் இல்லை. வாராவாரம் பக்கம் பக்கமாக எழுதுகிறவனுக்கு ஒரு பெயர் எழுதக் கை வரவில்லை என்று சொந்தத்தில் ஒருத்தர் விடாமல் சொல்லிக் காட்டினார்கள்.

மாப்ளை ஒன்றும் சொல்லவில்லை. விசேஷத்துக்கு வந்தார், சாப்பிட்டார், போனார். தங்கச்சிதான் வரவே இல்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. நேரில் போனால் என் முகத்தைப் பார்க்காமல் புருஷனிடம் பேசுவாள். நான் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். "அவங்க காபி குடிப்பாங்களான்னு கேளுங்க" என்பாள். மாப்ளை என் பக்கம் திரும்பி, "காபி குடிக்கிறீங்களா மச்சான்?" என்பார். "குடிக்கிறேன் மாப்ளை" என்பேன். அவர் திரும்பி, "குடிக்கிறாராம்" என்பார். நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி அவருக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் அவர்கள் பெண் நிவேதாவுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனது. சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. சனி ஞாயிறில் நாலு பேரோடு சேர்ந்து கிடார் வாசிக்கிறாள். கெட்டிக்காரி. எனக்கு போன் செய்தாள்.

"மாமா, அம்மா உங்ககிட்ட பேசணும்னா ஒரே வழிதான் இருக்கு. சீர் செஞ்சு அசத்திடுங்க."

"செஞ்சிடுவோம் கண்ணு. என்ன நகை வேணும், சொல்லு."

"நகை வேணாம் மாமா. கிடார் வேணும். போட்டோ அனுப்பறேன். அதே மாடல்தான். வேற வாங்கிடாதீங்க."

போட்டோ வந்தது. பார்த்தேன். பழைய கிடார் ஒன்றின் படம். பெயிண்ட் உரிந்து மரம் தெரிகிறது. ஸ்குரூ எல்லாம் துரு. மாதிரிக்காக எங்கேயோ கிடைத்த படத்தை அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திருச்சியில் ஒரு பெரிய இசைக்கருவிக் கடைக்குப் போனேன். ஏசி ஹால். சுவரெல்லாம் கிடார் தொங்குகிறது. சேல்ஸ்மேனிடம் போட்டோவைக் காட்டினேன். பவ்யமாக ஒன்றை எடுத்துவந்து வெல்வெட் துணியில் வைத்தார்.

"என்னங்க இது... உரிஞ்சு கிடக்கு?"

"ரெலிக் ஃபினிஷ் சார்."

"அப்படின்னா?"

"கம்பெனியிலயே கீறி, தேய்ச்சு, துருப்பிடிக்க வெச்சுத் தர்றாங்க சார். நாப்பது வருஷம் வாசிச்ச மாதிரி இருக்கும்."

"எவ்ளோ?"

"ஒன்னு எண்பத்தஞ்சு சார்."

நான் நூற்று எண்பத்தஞ்சு ரூபாய் என்று எடுத்துக்கொள்ளுகிற அளவுக்கு அப்பாவி இல்லை. ஆனாலும் ஒரு நம்பிக்கையில், "ஆயிரமா?" என்றேன். "லட்சம் சார்" என்றார். உட்கார்ந்துகொண்டேன்.

"இதே கம்பெனி, இதே கிடார், கீறல் இல்லாம இருக்கா?"

"இருக்கு சார். அது ஒன்னு பத்து."

"அப்போ கீறலுக்கு எழுபத்தஞ்சாயிரமா?"

"ஃபீல் சார்" என்றார்.

கீறலுக்குக் காசு என்றால் நான் கோடீஸ்வரன் அல்லவா? என் கடை ஷட்டரைப் பார்த்திருக்கிறீர்களா? என் மொபெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு இடம் பாக்கியில்லாமல் ஃபீல்தான்.

பக்கத்தில் பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு கிடார் தொங்கியது. அதே உருவம். அதே ஆறு கம்பி. பளபளவென்று சிவப்பு. "அதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று கேட்டேன். சேல்ஸ்மேன் சளைக்கவில்லை. "இதுல ஒரு தடவை தட்டினா சத்தம் ரொம்ப நேரம் நிக்கும் சார்" என்றார். ரொம்ப நேரம் என்றால் எவ்வளவு நேரம்? நான் வியாபாரி. எடை போடாமல் எதையும் வாங்கினவன் இல்லை. செல்போனில் ஸ்டாப்வாட்சை எடுத்தேன். இரண்டையும் தட்டச் சொன்னேன். விலை கூடினது பதினாலு விநாடி நின்றது. விலை குறைந்தது ஒன்பது விநாடி. ஐந்து விநாடிக்கு ஒரு லட்சத்து எழுபத்து மூவாயிரம்!

கடையில் கிடார் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அங்கிள், அதெல்லாம் கணக்கு பண்ணக் கூடாது" என்றான். ஏன் கூடாது? கணக்குப் பண்ணினால் வாங்க மாட்டோம், அதனால் கூடாது. சரியாகத்தான் சொன்னான்.

வெளியே வந்து நிவேதாவுக்கு போன் போட்டேன். கீறல் இல்லாததை வாங்கட்டுமா கண்ணு என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். "மாமா, நாலு வருஷமா அந்தக் கிடாரைத்தான் போன்ல வால்பேப்பரா வெச்சிருக்கேன்" என்றாள். திரும்ப உள்ளே போனேன். வாங்கினேன். பில்லில் போட்ட கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று. பயம் இல்லை, ஏசி என்று சொல்லிக்கொண்டேன்.

பெட்ரோல் மிச்சம் என்று காரை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "லக்கேஜ் போடணும், என்ன மிஷின் இது?" என்றார். கடைக்குக் கொண்டுவந்தால் வெங்காயக்காரர் ஒருத்தர் திறந்து பார்த்துவிட்டு, "மருந்தடிக்கிற ஸ்பிரேயரா? டேங்க் எங்க இருக்கு?" என்றார். வாரண்டியில் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி யோசனை வேறு. இன்னொருத்தர் துருவைப் பார்த்துவிட்டு, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்று துணியோடு வந்துவிட்டார். பாய்ந்து பிடுங்கினேன். எழுபத்தஞ்சாயிரம் ரூபாய் துரு ஐயா அது!

இப்போது எனக்கு ஒரு புதுக் கவலை. இதை மேடையில் திறந்தால் நானூறு பேரும் என்ன நினைப்பார்கள்? மூன்று வருஷம் கழித்து அண்ணன் சீர் கொண்டுவந்தான், அதுவும் பழைய சாமான் என்றுதானே? மாப்பிள்ளை வீட்டார் முன்னால் என் தங்கச்சிக்கு அது எவ்வளவு பெரிய தலைகுனிவு! பெயர் விட்டதற்கே மூன்று வருஷம் என்றால் இதற்கு ஆயுள் முழுக்கப் பேச மாட்டாள்.

விலையைச் சொல்லிவிட்டால் போச்சு என்பீர்கள். எங்கள் பக்கத்தில் அது நடக்காது. சீர் கொண்டுபோகிறவன் தன் வாயால் விலையைச் சொன்னால் அந்தச் சீருக்கே மரியாதை இல்லை. நானாகச் சொல்லக் கூடாது. தானாகத் தெரியணும்.

என் மனைவி பரிமளாதான் வழி கண்டுபிடித்தாள். பில்லை லேமினேட் செய்யச் சொன்னாள். "மெல்லிசு சட்டையா போட்டுக்கங்க. பாக்கெட்ல தொகை வெளிய தெரியற மாதிரி வெச்சுக்கங்க. குனிஞ்சு நிமிரும்போது நாலு பேர் பாப்பாங்க. அப்புறம் ஊருக்கே தெரிஞ்சிடும்" என்றாள். என்ன மூளை! கண்ணாடி முன்னால் குனிந்து நிமிர்ந்து ஒத்திகைகூடப் பார்த்தேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் சீர் சாமான்களை எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனோம். கூடத்தில் இறக்கி வைத்தோம். மாப்ளை பெட்டியைத் திறந்தார். பார்த்தார். மூடினார். மறுபடியும் திறந்தார்.

தங்கச்சி எட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. புருஷனைப் பார்த்து, "எந்தக் காயலான் கடையில எடுத்தாங்கன்னு கேளுங்க" என்றாள். சொல்லிவிட்டு விறுவிறுவென்று சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம்.

"மாப்ளை, இது அப்படித்தான். கம்பெனிக்காரனே கீறித் தர்றான்" என்றேன்.

"சரிங்க மச்சான்."

"துருகூட அவன் வெச்சதுதான்."

"சரிங்க மச்சான், சரிங்க" என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஏமாந்துபோன மனுஷனை நோகடிக்கக் கூடாது என்கிற பார்வை அது. எனக்கு அப்போது விளங்கவில்லை. "பெட்டி என்கிட்டயே இருக்கட்டும் மச்சான். மண்டபத்துக்கு நானே கொண்டாந்துடறேன்" என்றார். பாரம் குறைந்தது என்று விட்டுவிட்டு வந்தேன்.

விட்டுவிட்டு வரலாமா? எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போவதற்காக அவருடைய ஒரு லாரி அந்த வாரம் அரியலூர் ரோட்டில் ஒரு பெயிண்ட் பட்டறையில் நின்றிருக்கிறது. எனக்கு அது தெரியாது. மாப்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக அங்கே போயிருக்கிறார்.

இனி மேடைக்கு வருவோம். பிள்ளையார் கோயிலிலிருந்து மேளம் கொட்டி, இருபத்தொரு தட்டோடு ஊர்வலமாக வந்தாயிற்று. பழம், பூ, பட்டு எல்லாம் மேடைக்கு ஏறியாயிற்று. என் பாக்கெட்டில் பில் ரெடி. நான் குனியத் தயார். மாப்ளை பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். திறந்தேன். அப்புறம் என்ன பார்த்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் தோகை விரித்த மயில். அதற்குக் கீழே பட்டை பட்டையாக எழுத்து: "தாய்மாமன் அன்பளிப்பு". அதற்கும் கீழே, அதைவிடப் பெரிதாக, என் பெயர். இனிஷியலோடு. ஊரோடு. துருப்பிடித்த ஸ்குரூ ஒன்றுகூட இல்லை. எல்லாம் கழற்றி, புதுசாகப் பளிச்சென்று லாரி ஸ்குரூ போட்டிருந்தது. கம்பியை மட்டும் புண்ணியத்துக்கு விட்டுவைத்திருந்தார்கள்.

மண்டபம் கைதட்டியது! நிஜமாகவே கைதட்டினார்கள். கல்யாண மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து வந்து, "இந்த மாதிரி ஐட்டம் நான் பார்த்ததே இல்லீங்க. எங்க ஆர்டர் குடுத்தீங்க?" என்றார். நான் சிரித்தேன். சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே எழுபத்தஞ்சாயிரம் ரூபாய்க் கீறல்களைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. பட்டி பார்த்து வழவழவென்று ஆக்கிவிட்டார்கள்.

மாப்ளை என் காதருகில் வந்தார். அவர் நகத்தில் இன்னும் பச்சை இருந்தது. பார்டர் மட்டும் தானே அடித்தாராம்.

"கோச்சுக்காதீங்க மச்சான். உங்ககிட்ட கேக்காம செஞ்சிட்டேன். கடைக்காரன் உங்களை ஏமாத்திட்டான். சபையில நாலு பேர் உங்களை ஒரு சொல் சொல்லிட்டா என்னால தாங்க முடியாது. மூணு நாளா பட்டறையிலயே கிடந்து செஞ்சேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் மயிலுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார்.

"பெயிண்டர் பேரைச் சின்னதா போட்டான். அழிச்சுப் பெருசா போடச் சொன்னேன். பேரு விட்டுப்போனா மனசு என்ன பாடு படும்னு எனக்குத் தெரியுமில்ல?"

குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். மூன்று வருஷத்தில் அந்தப் பத்திரிகையைப் பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. மாலையைச் சரிசெய்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கீழே முதல் வரிசையில் பரிமளா கண்ணால் ஜாடை காட்டுகிறாள் — குனியுங்கள், குனியுங்கள்! எப்படிக் குனிவது? பில் வெளியே தெரிந்தால் என் மானம் ஏறும், இந்த மனுஷன் என்ன ஆவார்? மச்சான் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று இரண்டு லட்சத்துக்குப் பக்கத்தில் வந்த சாமானுக்கு லாரி பெயிண்ட் அடித்தோம் என்று தெரிந்தால் மனுஷன் ஆயுளுக்கும் தூங்குவாரா? பாக்கெட்டைக் கையால் பொத்திக்கொண்டேன். நெஞ்சு வலிக்கிறதா என்று போட்டோகிராபர் கேட்டார்.

இதற்குள் நிவேதா வந்துவிட்டாள். கல்யாணப் பெண். நாலு வருஷ வால்பேப்பர். கிடாரைப் பார்த்தாள். கண் பெரிதானது. என்னைப் பார்த்தாள். நான் தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன் — நான் இல்லை கண்ணு, நான் இல்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்கு நிற்கிற மாதிரி நின்றார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.

அவளுக்கு உதடு துடித்தது. ஐயோ, அழப்போகிறாள், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"நீங்களாப்பா பெயிண்ட் அடிச்சீங்க?"

"பார்டர் மட்டும்தாம்மா. பூவெல்லாம் பெயிண்டர்."

"பார்டர்தான்ப்பா சூப்பரா இருக்கு" என்றாள்.

அப்புறம் பட்டுப்புடவையோடு நேராக ஆர்கெஸ்ட்ராக்காரர்களிடம் போனாள். ஒயரை வாங்கிச் செருகினாள். முடுக்கி முடுக்கிக் கம்பியைச் சரிசெய்தாள். வாசித்தாள். எனக்கு இசை தெரியாது என்று சொன்னேனே... ஆனால் அந்தச் சத்தம் மண்டபத்தின் அந்தக் கோடி வரைக்கும் போய் நின்றது எனக்கே கேட்டது. பந்தியில் சாம்பார் வாளியோடு போனவர் அப்படியே நின்றுவிட்டார். இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவரை அதட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது.

சந்தோஷத்தில் பொத்தியிருந்த கையை எடுத்துத் தட்டிவிட்டேன். அங்கேதான் தப்பு. பில் வழுக்கிக் கீழே விழுந்தது. லேமினேஷன் இல்லையா, வழுக்கிக்கொண்டே போய் ஒரு காலில் இடித்து நின்றது.

என் தங்கச்சி கால்.

எடுத்தாள். படித்தாள். தூரமாக வைத்துப் படித்தாள், கிட்டே வைத்துப் படித்தாள். கிடாரைப் பார்த்தாள். புருஷனின் பச்சை நகத்தைப் பார்த்தாள். பிறகு மேடையில் எல்லார் முன்னாலும் நேராக என்னிடம் வந்தாள். பாட்டுச் சத்தத்தில் என் காதருகே வாயை வைத்துக் கேட்டாள்.

"ஏண்ணே... ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரமா?"

மூன்று வருஷம் கழித்து என் தங்கச்சி என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது.

"ஆமாம்மா" என்றேன்.

"அந்தக் கீறலோடயா?"

"கீறலுக்குத்தாம்மா எழுபத்தஞ்சாயிரம்."

அப்புறம் ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள். முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். நிற்கவில்லை. தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்குகிறாள். பார்த்த எனக்கும் தொற்றிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டு அம்மா ஓடிவந்து, "அழாதீங்க சம்பந்தி, உங்க பொண்ணை நாங்க கண் கலங்காம பாத்துக்குவோம்" என்று கட்டிப் பிடித்தார்கள். என்னையும் ஒருத்தர் தேற்றினார். மாப்ளை சோடா வாங்கிவர ஓடினார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் தங்கச்சி பில்லை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். லேமினேட் செய்த பில்லை மடிப்பது லேசா? மடித்தாள். "அண்ணே, இது அவருக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா மனுஷன் சோறு தண்ணி எறங்காம கிடப்பாரு" என்றாள். "சத்தியமா சொல்ல மாட்டேம்மா" என்றேன். "எழுதித் தொலைச்சிடாத!" என்றாள். "மாப்ளை நான் எழுதறதைப் படிக்க மாட்டாரும்மா" என்றேன். "தெரியும். அதனாலதான் இன்னும் உன்மேல மரியாதை வெச்சிருக்காரு" என்றாள். பழைய வாய். அப்படியே இருக்கிறது.

அன்று பந்தியில் எனக்கு அவளே பரிமாறினாள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் இரண்டு ஜாங்கிரி வைத்தாள். காபி குடிப்பாயா என்று என்னையே கேட்டாள். மாப்ளை பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பி, "காபி குடிக்கிறீங்களா மச்சான்?" என்றார்.

இரண்டு நாள் கழித்து நிவேதா சென்னையிலிருந்து பேசினாள். பெயிண்டைச் சுரண்டி எடுத்துத் தர அங்கே ஆள் இருக்கிறார்களாமே கண்ணு, எடுத்துவிடேன், செலவு மாமாவுடையது என்றேன். "எடுத்தா உங்க பேரு போயிடும் மாமா" என்றாள். அப்பா தினமும் வீடியோ காலில் வந்து தாமரை நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறாராம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விலை கூடின எலெக்ட்ரிக் கிடார் அந்த விலைக்குத் தகுமா? கடைக்கு வருகிற இரண்டு பேர் பிள்ளைகளுக்கு வாங்கித் தரணும் என்று என்னிடம் கேட்டார்கள், அதனால் சொல்கிறேன். வாசிக்கத் தெரிந்தவள் கையில் போனால் தகும் போலிருக்கிறது. கீறலுக்குத் தகுமா? நிச்சயம் தகாது. கீறல் வேண்டுமென்றால் நல்லதாக ஒன்றை வாங்கி என் கடையில் ஒரு மாதம் வையுங்கள், இலவசமாகவே செய்துதருகிறேன். ஆனால் எனக்கு இது தகுந்ததா என்று கேட்டால்... தங்கச்சி தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போன் செய்கிறாள். "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டுப் பேச முடியாமல் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். இதற்கு எந்தக் கடையில் பில் போடுவார்கள்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாப்ளையிடமிருந்து போன்.

"மச்சான், மண்டபத்துல பாத்தேன், உங்க கார்ல டிரைவர் பக்கம் கதவுல ஒரு கீறல் இருக்கு. பாக்கவே மனசு கேக்கல. பெயிண்டர் சும்மாதான் இருக்காரு. காரை அனுப்பி வெக்கறீங்களா? நான் பாத்துக்கறேன்."

பரிமளா எதிரே நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறாள் — வேண்டாம், வேண்டாம் என்று சொல்லுங்கள்!

"நாளைக்கே அனுப்பறேன் மாப்ளை" என்றேன்.

அடுத்த வாரம் பெரம்பலூர் – அரியலூர் ரோட்டில் கிளிப்பச்சையில் மயில் போட்ட கார் ஒன்று போனால், உள்ளே யாரென்று தேடாதீர்கள்... கதவிலேயே பெயர் பெரிசாக எழுதியிருக்கும்.